தேர்தல் காலத்து ஆப்பு



இந்தப் பாடம் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்பதற்காக எழுதப்படவில்லை; எந்தக் கட்சியையும் தூற்றுவதற்காகவும் எழுதப்படவில்லை. எழுதுகிறவன் ஆலிமுமல்லன், அரசியல்வாதியுமல்லன். மதரஸாவில் ஓதி, துவக்கப் பள்ளியோடு படிப்பை முடித்து, தராசுக்குப் பின்னால் நின்று காலம் கழிக்கிறவன். ஆயினும், தேர்தல் வரும்போதெல்லாம் நம் கடைகளிலும் பள்ளிவாசல் திண்ணைகளிலும் கிளம்புகிற ஒரு பேச்சைப் பற்றி நாம் கூடி யோசிக்க வேண்டியது அவசியமாயிருக்கிறது. "இவர்கள் வந்தால் ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் கலியாணம் செய்துகொள்ளச் சட்டம் வந்துவிடும்" என்பதே அந்தப் பேச்சு.

இதில் மார்க்கத் தீர்ப்பு என்ன என்பது நமக்குள் விவாதமல்ல. நிக்காஹ் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே வலீ, சாட்சிகள், மஹர் இவற்றோடு நடக்கும் ஒப்பந்தம். மதரஸாவில் ஓதிய சிறுவனும் இதை அறிவான். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒருவரும் கொண்டுவராத ஒரு சட்டத்தைக் காட்டி நம்மிடம் ஓட்டு வாங்கினால், அந்த வியாபாரத்தில் நமக்குக் கிடைத்த சரக்கு என்ன?

ஆப்பு என்றால் என்ன?

மரம் பிளப்பவனுக்கு வேண்டிய சாமான்கள் இரண்டு. ஒன்று சம்மட்டி, மற்றொன்று ஆப்பு. வெறும் சம்மட்டியால் நாள் முழுவதும் அடித்தாலும் பெரிய மரம் பிளக்காது. ஆகவே அவன் மரத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு சிறு கீறலைத் தேடிக் கண்டுபிடித்து, ஆப்பின் கூரிய முனையை அதில் செருகி அடிக்கிறான். மரம் தன் கீறலின் வழியே தானே பிளந்து போகிறது. அந்த ஆப்புக்கு மரத்தின் மேல் பகையுமில்லை, பாசமுமில்லை. பிளந்து முடிந்ததும் அதைப் பிடுங்கி அடுத்த மரத்துக்குக் கொண்டுபோய்விடுவான்.

அரசியலிலும் இத்தகைய ஆப்புகள் உண்டு. அவற்றை அறிந்துகொள்ள மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. முதலாவது, அந்த விஷயம் மக்களின் மார்க்கப் பற்றையோ மானத்தையோ தொடுவதாக இருக்கும். இரண்டாவது, அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தாலும் அந்த விஷயத்தில் பெரும்பாலும் ஒன்றும் மாறாது. மூன்றாவது, எதிரி அதற்குப் பதில் சொன்னாலும் நஷ்டம், சொல்லாவிட்டாலும் நஷ்டம் என்ற நிலையில் மாட்டிக்கொள்வார். இம்மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஆப்பு என்று நாம் நிச்சயம் செய்துகொள்ளலாம்.

நம் நாட்டுச் சட்டம்

இனி ஒருபால் திருமணம் பற்றி நம் நாட்டில் உள்ள சட்டத்தைப் பார்ப்போம். முஸ்லிமல்லாதாரின் திருமணத்துக்கு 1976-ம் ஆண்டில் இயற்றப்பட்டு 1982-ல் அமுலுக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம் இருக்கிறது. மணமக்கள் ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இல்லாவிட்டால் அத்திருமணம் செல்லாது என்று அதன் 69-வது பிரிவு கூறுகிறது. முஸ்லிம்களின் திருமணமோ அந்தந்த மாநிலத்து இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் கீழ் வருகிறது. இவற்றுக்கும் மேலாக, வெள்ளைக்காரர் இந்தியாவில் 1860-ல் எழுதி, பின்னர் நம் நாட்டுக்கும் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் வழிவந்த 377-ம் எண் பிரிவுகள் இன்றும் உள்ளன. அவற்றின்படி 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடமுண்டு.

ஆக, வாசலுக்கு ஒரு பூட்டல்ல, மூன்று பூட்டுகள் தொங்குகின்றன. இவற்றைத் திறந்து ஒருபால் திருமணத்தைக் கொண்டுவர வேண்டுமென்று எந்தக் கட்சியும் இதுவரை பார்லிமெண்டில் மசோதா கொண்டுவந்ததில்லை. இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டவனிடம் "கதவு திறக்கப்போகிறது" என்று கூவினால், "சாவி யார் கையில்? காட்டும்" என்று அவன் அமைதியாகக் கேட்பான். தெரியாதவனோ பயந்து ஓடுவான். நம் சகோதரர்கள் முதல் வகையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டுமென்பதே எமது விருப்பம்.

நம் நாட்டில் நடந்தவை

இந்த விஷயம் நம் அரசியலில் நுழைந்தது 1998-ல். அன்றைய துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹீம் அவர்கள் அவ்வாண்டு செப்டம்பரில் பதவி நீக்கப்பட்டுக் கைதானார்கள். அவர்கள்மீது சுமத்தப்பட்டவற்றுள் ஓரினச் சேர்க்கைக் குற்றமும் ஒன்று. 2000-ல் கிடைத்த தண்டனையை 2004-ல் பெடரல் நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2008-ல் மற்றொரு குற்றச்சாட்டு எழுந்தது. 2012-ல் விடுதலையும், 2014-ல் அதற்கு மாறான தீர்ப்பும், 2015-ல் சிறையும், 2018 மே மாதத்தில் மாமன்னரின் மன்னிப்பும் வந்தன. வழக்கின் உண்மை பொய்யை நிறுக்க நாம் இங்கே உட்காரவில்லை. நாம் கவனிக்க வேண்டியது அந்தக் காலத்தின் தேதிகளை.

2008 ஆகஸ்டு 7-ந் தேதி அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. 15-ந் தேதி, குற்றம் கூறியவர் கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசலில் குர்ஆனை வைத்துச் சத்தியம் செய்தார். 16-ந் தேதி பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தலுக்கு நியமனம். 26-ந் தேதி ஓட்டுப் பதிவு. அல்லாஹ்வின் வேதத்தை வைத்துச் செய்த சத்தியம் ஊரெல்லாம் தேர்தல் பேச்சாகிவிட்டது! ஓட்டு எண்ணியபோது அன்வார் அவர்கள் 15,671 ஓட்டு அதிகம் பெற்று ஜெயித்தார்கள். ஆப்பு எப்போதும் வேலை செய்யும் என்பதில்லை. ஆனால் அது இறங்கிய இடத்தில் கீறல் நின்றுவிடுகிறது. பள்ளிவாசல், சத்தியம், வேதம் ஆகியவை அரசியல் சேற்றில் இழுக்கப்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

2018 மே மாதத்தில் ஆட்சி மாறியது. புதிய ஆட்சி வந்தால் ஒழுக்கக்கேட்டுக்குக் கதவு திறக்கும் என்று பேசியவர்கள் உண்டு. நடந்தது என்ன? அதே ஆண்டு ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ் டவுன் விழாக் கண்காட்சியிலிருந்து இரண்டு எல்.ஜி.பி.டி. ஆர்வலர்களின் படங்களை அகற்றும்படி சொன்னவர், அந்தப் புதிய ஆட்சியின் சமய விவகார மந்திரி முஜாஹித் யூசோப் ராவா அவர்களே. அக்டோபரில் பாங்காக் நகரில் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் பேசிய பிரதமர் டாக்டர் மகாதீர் அவர்கள், ஒருபால் திருமணத்தை மலேசியா ஏற்காது என்று சொல்லிவிட்டார்கள். ஆட்சி மாறிற்று, சட்டம் மாறவில்லை.

2022 நவம்பர் 19-ந் தேதி நமது பேராக்கில் பார்லிமெண்டுக்கும் சட்டசபைக்கும் ஒரே நாளில் ஓட்டுப் பதிவு நடந்தது. ஈப்போவை அடுத்த தம்பூனில் அன்வார் அவர்கள் அபேட்சகராக நின்று ஜெயித்து, 24-ந் தேதி பிரதமரானார்கள். பழைய பேச்சு மறுபடியும் கிளம்பிற்று. 2023 ஜனவரியிலேயே அவர்கள், தமது ஆட்சியில் எல்.ஜி.பி.டி.க்கு அங்கீகாரம் கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டிவந்தது. நாட்டின் பிரதமர் பதவியேற்ற சில வாரங்களுக்குள், யாரும் கேட்டு மனுப் போடாத ஒன்றை மறுத்துப் பேச நேர்ந்ததென்றால், மேலே சொன்ன மூன்றாம் அடையாளம் நன்றாக விளங்கும்.

அவ்வாண்டு ஆகஸ்டு 12-ந் தேதி 6 மாநிலங்களுக்குச் சட்டசபைத் தேர்தல் நிச்சயமாயிருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 21-ந் தேதி, சிப்பாங்கில் நடந்த ஓர் இசை விழாவில் ஆங்கிலேயப் பாடகர் ஒருவர் நம் நாட்டுச் சட்டத்தை மேடையிலேயே ஏசி, தம்முடன் வாசிக்கும் ஆடவரை முத்தமிட்டார். விருந்தாளியாக வந்த ஊரில் இப்படி நடந்துகொண்டது பண்பற்ற செயல் என்பதில் ஐயமில்லை. மறுநாளே சர்க்கார் மூன்று நாள் விழாவில் மீதியிருந்த நாட்களை ரத்துச் செய்தது. பாடகர் விமானமேறிப் போனார். அங்கே சாப்பாட்டுக் கடை போட்டிருந்த சிறு வியாபாரிகள், வாங்கி வைத்த சரக்கோடு தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். நம் நாட்டில் இவ்வாறு நடந்துகொள்ளுகிறவர்களை இப்படிப்பட்ட மேடைச் செயல்கள் மேலும் தொல்லையில் மாட்டிவிடும் என்று அவர்களுள் பலரே குறைகூறினார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது.

தேர்தல் முடிவு யாது? கிளந்தான், திரங்கானு, கெடா ஒரு பக்கம். பினாங்கு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மறுபக்கம். மூன்றுக்கு மூன்று, முன்பு யாரிடம் இருந்தனவோ அவர்களிடமே இருந்தன. ஆனால் அந்தப் பிரசார நாட்களில் நாம் கேட்கத் தவறிய கேள்விகள் பல. நவம்பர் 1-ந் தேதி கோழிக்கான உதவித் தொகை நின்றது. அடுத்த ஆண்டு ஜூன் 10-ந் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசானது. இவை நல்லவையா கெட்டவையா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். நம் கல்லாப் பெட்டியை நேரே தொடும் இந்த விஷயங்களைப் பற்றி ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் எத்தனை பேர் கேட்டோம்? நமது நேரத்தை முத்தமும் பாடகனும் கொண்டுபோய்விட்டார்கள்.

கடைக்காரருக்கு ஒரு தனிப் பாடம்

இதே 2023-ல் நடந்த மற்றொரு நிகழ்ச்சியை வியாபாரிகளாகிய நாம் ஆழ்ந்து படிக்க வேண்டும். மே மாதம் நடுவில் உள்துறை அமைச்சின் அதிகாரிகள் சுவாட்ச் கைக்கடிகாரக் கடைகளில் புகுந்து 172 கடிகாரங்களைக் கைப்பற்றினார்கள். அவற்றின் மதிப்பு 64,795 வெள்ளி. காரணம், அவை எல்.ஜி.பி.டி. ஆதரவாக வெளியிடப்பட்ட வானவில் வண்ணக் கடிகாரங்கள் என்பது. 1984-ம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டம் காரணமாகக் காட்டப்பட்டது. அக்கடிகாரங்களுக்கான தடை உத்தரவு ஆகஸ்டு 10-ந் தேதி அறிவிக்கப்பட்டது. அதாவது, ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பு. தடையை மீறுகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை.

தேதிகளை மறுபடியும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மே மாதத்தில் சரக்கு பறிமுதல். ஆகஸ்டில் தடை உத்தரவு. எடுத்தபோது அதற்குத் தடையே இல்லை! கம்பெனியார் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 நவம்பர் 25-ந் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், வாரண்டு இல்லாமல் நுழைந்ததையும், கைப்பற்றிய நாளில் தடை உத்தரவே இல்லாததையும் எடுத்துக்காட்டி, 172 கடிகாரங்களையும் 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. கடிகாரம் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியல்ல தீர்ப்பு. ஒரு கடைக்குள் நுழைந்து சரக்கை எடுக்கச் சட்டம் வகுத்த முறை என்ன என்பதைப் பற்றியது.

சகோதரர்களே! அந்தக் கடிகாரத்தை நாம் விற்கமாட்டோம்; நம் பிள்ளைகளுக்கு வாங்கித் தரவுமாட்டோம். ஆனால் அலமாரி என்பது அலமாரிதான். தடை இல்லாத நாளில், வாரண்டு இல்லாமல், ஒரு கடைக்காரரின் சரக்கை எடுக்கலாம் என்று நாம் கைதட்டினால், நாளை நம் கடையில் உள்ள எண்ணெய், அரிசி, புத்தகம், தொப்பி எதையும் அதே முறையில் எடுக்கலாம் என்று நாமே எழுதிக் கொடுத்தவர்களாவோம். பன்னாட்டுக் கம்பெனிக்கு வக்கீல் வைக்க வசதியுண்டு. சித்தியவான் கடைத்தெருவில் ஒற்றைக் கதவுக் கடை வைத்திருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? அவருக்குள்ள ஒரே பாதுகாப்பு சட்டத்தின் முறைதான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இதைச் செய்தது, "எல்.ஜி.பி.டி.க்கு இடம் கொடுப்பவர்கள்" என்று ஏசப்பட்ட அதே சர்க்கார்தான். ஆப்புக்குப் பயந்தவர்கள் தம்மைச் சுத்தமானவர் என்று காட்ட மற்றவரைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. ஏலத்தில் விலை ஏறுவதுபோல் இந்தப் போட்டியும் ஏறிக்கொண்டே போகும். ஏலத்தை இறுதியில் எடுப்பவர் யாராயினும், பணம் கட்டுகிறவர் சாமானியரே.

அமெரிக்காவில் மரம் பிளந்த கதை

இந்த ஆப்பைத் தேர்தல் தொழிலாகவே நடத்திக் காட்டிய நாடு அமெரிக்கா. 2004 மே மாதத்தில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில், நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் ஒருபால் திருமணம் சட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 2-ந் தேதி ஜனாதிபதித் தேர்தல். அதே நாளில் 11 மாநிலங்களில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்று மாநில அரசியல் சட்டத்தில் எழுதலாமா என்ற கேள்வியும் ஓட்டுச் சீட்டில் அச்சடிக்கப்பட்டது. பதினொன்றிலும் "எழுதலாம்" என்றே மக்கள் சொன்னார்கள். ஓஹையோ மாநிலத்தை ஜனாதிபதி புஷ் சுமார் 118,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, அதன் பலத்தால் மறுபடியும் ஜனாதிபதியானார். அந்தக் கேள்வியால்தான் அவர் ஜெயித்தாரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் மார்க்கப் பற்றுள்ள கிறிஸ்தவர்களை ஓட்டுச் சாவடிக்கு அழைத்துவர அது உதவும் என்ற எண்ணம் கட்சிக்காரர்களிடம் இருந்ததில் ஐயமில்லை.

தேர்தலுக்குப் பின் நடந்ததே படிப்பினை. நாடு முழுமைக்கும் அரசியல் சட்டத்தைத் திருத்துவேன் என்று 2004 பிப்ரவரியில் கேட்டவர் அவர். 2005 ஜனவரியில், செனட் சபையில் அதற்குப் போதிய ஆதரவு இல்லை, ஆகவே வற்புறுத்தப் போவதில்லை என்ற பொருளில் பேசினார். அடுத்த தேர்தல் ஆண்டான 2006-ல் அது மறுபடியும் செனட் சபைக்கு வந்து, மறுபடியும் தோற்றது. அந்த 2004 பிரசாரத்தின் நிர்வாகியாயிருந்த கென் மெல்மன் என்பவர், 2010-ல் தாமே ஓரினச் சேர்க்கையாளர் என்று பகிரங்கமாகச் சொன்னார்! 2015 ஜூன் 26-ந் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை நாடு முழுவதும் சட்டமாக்கிவிட்டது. நம்பி ஓட்டளித்த கோயில்காரர்கள் முன்பணம் கொடுத்தார்கள். சரக்கு வந்து சேரவில்லை.

இனிச் சொல்வதை நம் சகோதரர்கள் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். அந்த 11 மாநிலங்களில் ஓக்லஹோமா ஒன்று. அங்கே 6 ஆண்டு கழித்து, 2010 நவம்பர் 2-ந் தேதி, ஓட்டுச் சீட்டில் வேறொரு கேள்வி அச்சடிக்கப்பட்டது. நீதிமன்றங்கள் ஷரீஅத் சட்டத்தைக் கவனத்தில் கொள்ளக்கூடாதென்று அரசியல் சட்டத்தில் எழுதலாமா என்பதே அந்தக் கேள்வி! அந்த மாநிலத்தில் ஷரீஅத்தைக் கொண்டுவர யாரும் மசோதா போடவில்லை. முஸ்லிம்களோ அங்கே மிகச் சிறு கூட்டம். ஆயினும் நூற்றுக்குச் சுமார் 70 பேர் "எழுதலாம்" என்று ஓட்டளித்தார்கள். அங்கு வாழும் ஒரு முஸ்லிம் சகோதரர், தாம் எழுதிவைத்த மரண சாசனம்கூடச் செல்லாமல் போகுமே என்று வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் உடனே அதை நிறுத்திவைத்து, 2013-ல் முற்றாக ரத்துச் செய்தது.

அதே மாநிலம், அதே ஓட்டுப் பெட்டி, அதே சம்மட்டி. முதல் அடி வேறொருவர்மீது விழுந்தது. அடுத்தது நம்மவர்மீது விழுந்தது. முதல் அடியின்போது "நல்ல காரியம்தானே நடக்கிறது" என்று எண்ணியிருந்த முஸ்லிம், இரண்டாவது அடியின்போது எந்த நியாயத்தைச் சொல்லி அழுவான்? ஆப்பு, ஒரு மரம் பிளந்ததும் அடுத்த மரத்துக்குப் போகும் என்று ஆரம்பத்தில் சொன்னது இதுதான்.

மார்க்கம் கற்றுத்தரும் தராசு

திருமறையின் 49-ம் அத்தியாயமான சூரத்துல் ஹுஜுராத்தை மதரஸாவில் நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். அதன் 6-ம் வசனம், நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியாமல் நடந்து, பின்னர் வருந்தலாகாது என்று எச்சரிக்கிறது. 12-ம் வசனம் வீண் சந்தேகத்தையும், பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதையும், புறம் பேசுவதையும் தடுக்கிறது. சூரத்துன் நூரின் 4-ம் வசனமோ, ஒருவரின் கற்பின்மேல் பழி சுமத்தி 4 சாட்சிகளைக் கொண்டுவர முடியாதவனுக்கு 80 கசையடியும், இனி அவன் சாட்சியம் ஏற்கப்படாது என்ற நிரந்தர இழிவையும் விதிக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் நயவஞ்சகர் கிளப்பிய அவதூறையும், அதை வாய்க்கு வாய் கடத்திய நல்லவர்களும் கண்டிக்கப்பட்டதையும் அதே அத்தியாயத்தில் காண்கிறோம்.

இவற்றை இன்றைய நிலைமையில் பொருத்திப் பாருங்கள். தேர்தல் நேரத்தில் கைத்தொலைபேசியில் ஒரு படம் வருகிறது. இன்ன அபேட்சகர் இப்படிப்பட்டவர் என்று கீழே நாலு வரி. அனுப்பியவர் யாரென்று தெரியாது. நாமோ "முன்னெச்சரிக்கை" என்று எண்ணி 50 பேருக்குத் தள்ளிவிடுகிறோம். கள்ள நோட்டை அறியாமல் வாங்கியவன் பரிதாபத்துக்குரியவன். சந்தேகப்பட்டும் அதை அடுத்தவர் கையில் தள்ளுகிறவன் யார்? காதில் விழுந்ததையெல்லாம் பேசித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நம்மை எச்சரித்திருக்கிறார்கள்.

கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி பிரபலமானது. இரவில் ஒரு வீட்டில் சந்தேகமான சத்தம் கேட்டு, கலீபா அவர்கள் சுவரேறிப் பார்த்தார்கள். உள்ளே தகாத செயலில் ஒருவன் இருந்தான். கண்டித்தபோது அவன், தான் செய்தது ஒரு பாவம், தாங்கள் செய்தது மூன்று என்றான். துருவிப் பார்த்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் சொல்லாமல் நுழைந்தது. தீமையைத் தடுக்க வந்தவர்களாயினும் முறை தவறக் கூடாது என்பதை ஏற்று, கலீபா அவர்கள் அவனை மன்னித்து, தவ்பாச் செய்யும்படி சொல்லித் திரும்பினார்கள். நபித் தோழருக்கே அந்த வரம்பு என்றால், நமக்கு எத்தகைய வரம்பு வேண்டும்!

இந்தியத் துணைக்கண்டத்தின் பேரறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள், ஓட்டு என்பது சாட்சியம், சிபாரிசு, வகாலத் என்ற மூன்று தன்மைகளும் கொண்டது என்று விளக்கியிருக்கிறார்கள். ஓட்டளிப்பவர், "இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியுள்ளவர்" என்று சாட்சி சொல்கிறார். கோபத்தாலோ பயத்தாலோ சொன்ன சாட்சியம் கோர்ட்டில் நிற்குமா? நாளை மறுமையின் பெரிய கோர்ட்டில் நிற்குமா?

"அப்படியானால் கவலையே கூடாதா?"

சிலர் கேட்பார்கள்: "உலகம் மாறிக்கொண்டு வருகிறதே! நம் பேராக்கின் வடகோடியில் எல்லையைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கே 2025 ஜனவரி முதல் ஒருபால் திருமணம் சட்டமாகிவிட்டதே! நாம் சும்மா இருக்கலாமா?"

கேள்வி நியாயமானதே. அதற்கு விடை, சும்மா இருக்க வேண்டாம். பொய்யில்லாமல் பேசுவோம் என்பதே. இதற்கு அண்டை நாடான சிங்கப்பூரில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே 2022 நவம்பர் 29-ந் தேதி பார்லிமெண்டு, ஆடவர் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கியது. அதே நாளில், ஆண் பெண் என்ற திருமண வரையறையைக் கோர்ட்டில் மாற்ற முடியாதபடி அரசியல் சட்டத்தையும் திருத்தியது. அந்த முடிவின் முதற்பாதியை நம்மவர் பலர் ஏற்கமாட்டார்கள். பிற்பாதியை வேறு பலர் ஏற்கமாட்டார்கள். ஆனால் என்ன செய்யப் போகிறோம், எதைச் செய்யமாட்டோம் என்பது மேசைமேல் எழுத்தில் இருந்தது. மறுப்பவரும் ஆதரிப்பவரும் எழுந்து பேசினார்கள். எழுத்தில் உள்ள மசோதாவை எதிர்த்து நாமும் பேசலாம், மனுக் கொடுக்கலாம். அது முறையான காரியம். இல்லாத மசோதாவைக் காட்டிப் பயமுறுத்துவதற்கும் இதற்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம்.

இன்னொன்று. இந்தப் பேச்சுகள் நடுவே அடிபடுகிறவர்கள் சிலர் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். எவருடைய பிள்ளையோ, எவருடைய சகோதரியோ! செயலைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு வேறு. ஒருவரை நடுத்தெருவில் நிறுத்திக் கேலி செய்வதும் அடிப்பதும் வேறு. பின்னதற்கு மார்க்கத்தில் அனுமதியில்லை. சூரத்துல் மாயிதாவின் 8-ம் வசனம், ஒரு கூட்டத்தார்மேல் உள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று கட்டளையிடுகிறது. நம் கடையில் சீனி வாங்க வருகிறவர் யாராயிருந்தாலும் கிலோ என்றால் கிலோதான். தராசு ஆளைப் பார்ப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

நமது சித்தியவான், 1903-ல் மெதடிஸ்ட் சபையாரோடு வந்து காடு திருத்திய பூச்சௌ சீனர்களும், மலாய்க்காரர்களும், தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்களும் சேர்ந்து வாழும் ஊர். நம் வாடிக்கைக்காரர் எல்லா வகுப்பிலும் உண்டு. இங்கே எந்த ஆப்பு இறங்கினாலும் முதலில் பிளப்பது கடைத்தெருதான். ஆகவே,

1. "இன்னது வந்துவிடும்" என்று சொல்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மசோதா? யார் கொண்டுவந்தார்? எந்தத் தேதியில்? பதில் இல்லையென்றால், விலைப்பட்டியல் இல்லாமல் வந்த சரக்கைப் போல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

2. ஒருவர் ஒழுக்கத்தைப் பற்றிய செய்தி கைத்தொலைபேசியில் வந்தால் அது உங்களோடு நிற்கட்டும். மற்றவருக்கு அனுப்பாதீர்கள்.

3. ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு அபேட்சகரிடமும், எந்தக் கட்சியாயினும், கடை உரிமம், வேலையாட்கள், விலைவாசி, வடிகால், பிள்ளைகள் படிப்பு பற்றிக் கேளுங்கள். சொன்னதைச் சிட்டையில் குறித்துவையுங்கள். அடுத்த தேர்தலில் பற்று வரவு பாருங்கள்.

4. 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பியவர்கள் தாமாகவே வாக்காளராகி விடுகிறார்கள். நம் பிள்ளைகள் டிக்டாக்கில் பார்த்ததை வைத்து ஓட்டளிக்காமல், வீட்டில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நிக்காஹ்வின் கண்ணியத்தையும் அவர்களுக்கு நம் வாழ்க்கையால் காட்டுங்கள். திருமணத்தைக் காக்கும் வேலை மேடையில் அல்ல, நம் வீட்டில்தான் தொடங்குகிறது.

5. பள்ளிவாசலைத் தேர்தல் மேடையாக்க இடங்கொடாதீர்கள். ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள் வெவ்வேறு கட்சிக்கு ஓட்டளிப்பவர்களாக இருக்கலாம்.

கூடிப் பேச மூன்று வினாக்கள்

ஒன்று: ஆப்பின் மூன்று அடையாளங்களையும் கொண்டு, சென்ற தேர்தலில் நீங்கள் கேட்ட வேறு எந்தப் பேச்சையாவது சோதித்துப் பாருங்கள், எத்தனை அடையாளம் பொருந்துகிறது?

இரண்டு: கடிகார வழக்கின் தீர்ப்பு, அந்தச் சரக்கை ஒருபோதும் விற்காத ஒரு கடைக்காரரையும் எவ்வாறு காப்பாற்றுகிறது?

மூன்று: ஓட்டு ஒரு சாட்சியம் என்றால், சாட்சி சொல்லுமுன் நாம் என்னென்ன தெரிந்துகொண்டிருக்க வேண்டும்?

அளவிலும் நிறையிலும் மோசம் செய்பவர்களைத் திருமறை 83-ம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் அந்தக் கண்டிப்பு என்று எண்ணிவிடலாகாது. நாம் கேட்கும் செய்திக்கும், சொல்லும் வார்த்தைக்கும், போடும் ஓட்டுக்கும் நிறை உண்டு. சரியாக நிறுக்கும் கையையும் சரியாக அறியும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.